‘கண்ணுக்குக் கண்’ சொல்லி முடித்த பிறகு என்ன? பழைய நாகரிகங்களின் சட்டத்தை வகுப்பில் எப்படி நடத்துகிறீர்கள்?

நாணல்கரை எழுதியது:

வணக்கம். ஏழாம் வகுப்புக்கு வரலாறு எடுக்கிறேன். போன வாரம் பாபிலோன் அரசர் ஹமுராபியின் சட்டங்கள் பற்றிய பாடம். எனக்கு மிகவும் பிடித்த பாடம் என்பதால் ஆசை ஆசையாகத் தயார் செய்துகொண்டு போனேன். ஒருவன் இன்னொருவனுடைய கண்ணைக் கெடுத்தால் அவன் கண்ணையும் கெடுக்க வேண்டும் என்று போர்டில் எழுதியதுதான் தாமதம், வகுப்பு கையை விட்டுப் போய்விட்டது. பல்லுக்குப் பல், மூக்குக்கு மூக்கு, முடிக்கு முடி என்று ஆளுக்கொன்றாகச் சொல்லிச் சிரித்தார்கள். பீரியட் முடியும்போது நோட்டில் இருந்த முடிவு ஒன்றே ஒன்று: அந்தக் காலத்து மனிதர்கள் கொடூரமானவர்கள்.

மணி அடித்த பிறகு ஒரு மாணவி என் மேசைக்கு வந்தாள். “டீச்சர், அடிச்சவனோட கண்ணையும் எடுத்துட்டாங்க, சரி. முதல்ல கண் போனவருக்கு என்ன கிடைச்சது?” என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். மூன்று நாள் ஆகிறது, இன்னும் சொல்லவில்லை. அவளும் மறக்கவில்லை, தினமும் முகத்தைப் பார்க்கிறாள்.

இன்னும் மூன்று பீரியட் இருக்கிறது. தண்டனைப் பட்டியலாக இல்லாமல், நீதி என்றால் என்ன என்று பிள்ளைகள் யோசிக்கும்படி இதை நடத்த வேண்டும். எங்கிருந்து தொடங்குவது?


வழக்காடி எழுதியது:

டீச்சர், உங்கள் மாணவி கேட்டதைத்தான் என்னிடம் வரும் கட்சிக்காரர்களும் முதலில் கேட்கிறார்கள். “அவனுக்கு என்ன தண்டனை” என்பது இரண்டாவது கேள்வி. “எனக்கு என்ன வழி” என்பதே முதல் கேள்வி. அந்தப் பெண்ணின் கேள்வியை வைத்தே மூன்று பீரியடையும் ஓட்டலாம்.

என் யோசனை இதுதான். ராஜாவிலிருந்து தொடங்காதீர்கள், தகராறிலிருந்து தொடங்குங்கள். ஹமுராபியின் விதிகள் பெரும்பாலும் ‘ஒருவன் இப்படிச் செய்தால், இப்படி ஆகும்’ என்ற ஒரே அச்சில் வார்த்தவை. முன்பாதி தகராறு, பின்பாதி தீர்ப்பு. முன்பாதியை மட்டும் பிள்ளைகளிடம் கொடுங்கள், பின்பாதியை மறைத்துவிடுங்கள்.

ஒரு எடுத்துக்காட்டு. ஒருவன் தன் வயலின் கரையைப் பலப்படுத்தாமல் சோம்பி இருந்துவிட்டான். கரை உடைந்து சுற்றியிருந்த வயல்களில் எல்லாம் தண்ணீர் புகுந்து பயிர் போய்விட்டது. இப்போது என்ன செய்வீர்கள்? பத்து நிமிடம் பேச விடுங்கள். அவன் வேண்டுமென்றே செய்யவில்லையே என்று ஒருவன் சொல்வான். அதற்காக அடுத்தவர்கள் பட்டினி கிடப்பதா என்று இன்னொருத்தி கேட்பாள். எல்லாம் பேசி முடிந்த பிறகு பின்பாதியைத் திறங்கள். 53-ஆம் விதி: அழிந்த தானியத்தை அவன் ஈடு கட்ட வேண்டும். 54-ஆம் விதி: ஈடு கட்ட வழியில்லை என்றால் அவனையும் அவன் சொத்தையும் விற்று, வரும் வெள்ளியைப் பயிர் இழந்தவர்கள் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். முதல் பாதியில் தலையாட்டிய பிள்ளைகள் இரண்டாவதைக் கேட்டதும் நிமிர்ந்து உட்காருவார்கள். ‘அவனையே விற்பதா?’ அங்கேதான் பாடம் தொடங்குகிறது.

அடுத்தது எனக்கு மிகவும் பிடித்த 48-ஆம் விதி. கடன் வாங்கிப் பயிரிட்டவனின் வயலைப் புயல் அழித்துவிட்டது, அல்லது தண்ணீர் இல்லாமல் விளைச்சலே இல்லை. அந்த ஆண்டு அவன் கடன்காரருக்குத் தானியம் கொடுக்க வேண்டாம், வட்டியும் கட்ட வேண்டாம். தன் பலகையை நனைத்துக்கொள்ளலாம் என்கிறது விதி. கடன் பத்திரம் களிமண் பலகையில் இருந்தது அல்லவா? அதை நனைத்தால் எழுதியதை மாற்றலாம். நனைந்த களிமண்ணில் ஓர் ஆண்டு வட்டி கரைந்துபோகிறது! ‘கொடூரமானவர்கள்’ என்று எழுதிய நோட்டுக்குப் பக்கத்தில் இதையும் எழுதச் சொல்லுங்கள்.


களிமண்பலகை எழுதியது:

வழக்காடி சார் சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். மெசபடோமிய வரலாறு, அதாவது இன்றைய ஈராக் பகுதியின் பழைய வரலாறு, படித்தவன் என்ற முறையில் இரண்டு விஷயங்களைச் சேர்க்கிறேன்.

முதலாவது, வரிசை. ஹமுராபிதான் உலகின் முதல் சட்டம் எழுதியவர் என்று இன்னும் பல இடங்களில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அவர் ஆண்டது கி.மு. 1792 முதல் 1750 வரை. அதற்கு ஏறக்குறைய 300 ஆண்டுகளுக்கு முன்பே, கி.மு. 2100 வாக்கில், ‘ஊர்’ என்ற பெயருடைய சுமேரிய நகரத்தின் அரசர் ஊர்-நம்முவின் பெயரில் சுமேரிய மொழியில் ஒரு சட்டத்தொகுப்பு இருந்தது. நமக்குக் கிடைத்தவற்றில் அதுவே பழையது. அதில் கண்ணைக் கெடுத்தவன் அரை மினா வெள்ளி கொடுக்க வேண்டும் (மினா, ஷெக்கல் இரண்டும் எடை அளவுகள்). பல்லை உடைத்தால் 2 ஷெக்கல். கண்ணுக்குக் கண் அங்கே இல்லை! கொலைக்கு மரண தண்டனை உண்டு, ஆனால் உடல் காயங்களுக்குப் பணம்தான்.

பிள்ளைகளிடம் இந்த இரண்டையும் தேதி சொல்லாமல் கொடுத்து, எது பழையது என்று கேட்டுப் பாருங்கள். கண்ணைப் பிடுங்குவதுதான் பழையது, பணம் கொடுப்பது பிறகு வந்தது என்பார்கள். நேர் மாறாக இருக்கிறது என்று தெரியும்போது, காலம் போகப் போக மனிதர்கள் நல்லவர்களாகிக்கொண்டே வந்தார்கள் என்ற எண்ணம் அவர்களாகவே கைவிடும் ஒன்றாகிவிடும். இன்றைய துருக்கிப் பகுதியை ஆண்ட ஹிட்டைட்டுகளின் சட்டத்தில் இன்னொரு அழகு உண்டு. பழைய தண்டனையை அழித்துவிடாமல் ‘முன்பு இப்படி, இப்போது இப்படி’ என்றே எழுதியிருக்கிறார்கள். ஒரு சுதந்திர மனிதனின் கண்ணைக் கெடுத்தாலோ பல்லை உடைத்தாலோ முன்பு 40 ஷெக்கல், இப்போது 20 ஷெக்கல். சட்டம் மாறும் என்பதைச் சட்டமே சொல்கிறது.

இரண்டாவது, வெள்ளியின் மதிப்பு. “வெறும் பணம்தானா” என்று பிள்ளைகள் உதட்டைப் பிதுக்குவார்கள். மெசபடோமியாவின் எஷ்னுன்னா நகரத்துச் சட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள், ஹமுராபிக்குச் சற்று முந்தியது. ஒரு கூலியாளுக்கு மாதச் சம்பளம் 1 ஷெக்கல் வெள்ளி, கூடவே கொஞ்சம் பார்லி என்று அதிலேயே எழுதியிருக்கிறது. அதே சட்டத்தில் ஒருவரைக் கன்னத்தில் அறைந்தால் அபராதம் 10 ஷெக்கல். ஓர் அறைக்குப் பத்து மாதக் கூலி! கண்ணைக் கெடுத்தால் 1 மினா, அதாவது 60 ஷெக்கல். கணக்கைப் பிள்ளைகளே போடட்டும். ஐந்து வருடக் கூலி.

இனி உங்கள் மாணவியின் கேள்விக்கு வருகிறேன். ஹமுராபியின் 196-ஆம் விதியில் கண்ணுக்குக் கண் என்பது ‘அவீலும்’ எனப்படும் மேல்தட்டு மனிதர்களுக்குள் மட்டும். அவருக்குக் கீழ்ப்படியில் இருந்த ‘முஷ்கேனும்’ ஒருவரின் கண்ணை அவீலும் கெடுத்தால், 198-ஆம் விதிப்படி 1 மினா வெள்ளி. அடிமையின் கண் என்றால் அவன் விலையில் பாதி, அது 199. ஆக, கண் போன மேல்தட்டு மனிதருக்கு அந்த விதி ஒரு காசும் எழுதவில்லை, எதிராளியின் கண் மட்டும்தான். கீழே இருந்தவருக்கு வெள்ளி. இதில் யாருக்கு நீதி கிடைத்தது? இதை அவளிடமே திருப்பிக் கேளுங்கள். அவள் மூன்று நாள் காத்திருந்ததற்குப் பொருத்தமான கேள்வி இது.


ஆறாம்வகுப்பு எழுதியது:

நல்ல யோசனைகள். ஆனால் ஓர் எச்சரிக்கையைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை.

இரண்டு வருடம் முன்பு நானும் நாடகமாக நடத்தினேன். ஹமுராபியின் 2-ஆம் விதியை எடுத்தேன். சூனியம் வைத்ததாக ஒருவன் மேல் பழி வருகிறது, நிரூபிக்க முடியவில்லை, குற்றம் சாட்டப்பட்டவன் ஆற்றில் குதிக்க வேண்டும். மூழ்கினால் பழி சொன்னவன் அவன் வீட்டை எடுத்துக்கொள்வான், பிழைத்து வந்தால் பழி சொன்னவனுக்கு மரணம். ஆற்றில் குதிப்பவனாக நடிக்க யாரும் கை தூக்கவில்லை. பின்வரிசையில் அதிகம் பேசாத ஒரு பையனை எல்லோருமாக முன்னே தள்ளினார்கள். ‘மூழ்கு மூழ்கு’ என்று கத்தினார்கள். அவன் சிரித்துக்கொண்டே நடித்தான். மறுநாள் அவன் பள்ளிக்கு வரவில்லை. வீட்டுக்குப் போய் அழுதான் என்று அவன் அம்மா சொன்னபோதுதான் நான் என்ன செய்தேன் என்று எனக்கு உறைத்தது.

அடிமை வேடம், குற்றவாளி வேடம் எப்போதும் வகுப்பில் ஏற்கெனவே ஒதுங்கியிருக்கும் பிள்ளைக்குத்தான் போகும். நாம் கொடுக்காவிட்டாலும் மற்ற பிள்ளைகள் கொடுத்துவிடுவார்கள். அதனால் இப்போது நான் யாருக்கும் வேடம் கொடுப்பதில்லை. எல்லோரும் நீதிபதிகள். வழக்கு காகிதத்தில் இருக்கும். மூன்று மூன்று பேராகப் பேசித் தீர்ப்பு எழுதுவார்கள், காரணம் ஒரு வரியாவது இருக்க வேண்டும். அந்த ஒரு வரிக்குத்தான் மதிப்பெண். தீர்ப்பு எதுவானாலும் சரி.

ஆற்றுச் சோதனையை விட்டுவிடவும் கூடாது. சாட்சியே இல்லாத இடத்தில் என்ன செய்வது என்ற தவிப்பிலிருந்து வந்தது அது. சாட்சி இல்லை, தடயம் இல்லை, ஊர் இரண்டாகப் பிரிந்து நிற்கிறது, நீங்கள் என்ன செய்வீர்கள் என்று கேட்டால் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கும் அந்தத் தவிப்பு புரிகிறது. அதே தொகுப்பின் முதல் விதியையும் பக்கத்தில் வையுங்கள்: கொலைப்பழி சுமத்தி நிரூபிக்க முடியாதவனுக்கு மரணம். பொய்ப் புகாரைப் பற்றி அவர்களுக்கு எவ்வளவு பயம் இருந்திருக்கிறது!


நாணல்கரை எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ஆறாம்வகுப்பு அவர்களே, நீங்கள் அந்தப் பையனைப் பற்றி எழுதியது எனக்குத் தேவையாக இருந்தது. நான் நாளைக்கு வேடம் பிரித்துக் கொடுப்பதாகத்தான் இருந்தேன். விட்டுவிட்டேன்.

இன்னொரு சந்தேகம். எல்லாமே மெசபடோமியாவாக இருக்கிறது. எகிப்தில் சட்டத்தொகுப்பு இல்லையா? பாடத்தில் பிரமிடும் மம்மியும்தான் வருகின்றன. நீதி பற்றி ஒரு வரி கூட இல்லை.


மூன்றாவதுபெஞ்ச் எழுதியது:

பார்வோன்கள் காலத்து எகிப்திலிருந்து ஹமுராபியுடையது மாதிரி ஒரு தொகுப்பு நமக்குக் கிடைக்கவில்லை. அதனால் அங்கே நீதியைப் பற்றிய பேச்சு இல்லை என்று ஆகிவிடாது. மா’அத் என்ற ஒரே சொல்லில் உண்மை, ஒழுங்கு, நீதி மூன்றையும் அடக்கி வைத்திருந்தார்கள். செத்தவனின் இதயத்தை ஒரு தட்டிலும் மா’அத்தின் இறகை மறு தட்டிலும் வைத்து நிறுக்கும் படத்தை எல்லாப் பிள்ளைகளும் பார்த்திருப்பார்கள். அதை மதம் என்ற தலைப்பில் நடத்திவிட்டுக் கடந்துவிடுகிறோம். நீதி என்ற தலைப்பிலும் நடத்தலாம்.

வகுப்புக்கு நான் எடுத்துச் செல்வது இரண்டு கதைகள். ஒன்று, நான்காயிரம் ஆண்டுக்கு அருகிலான ஒரு புனைகதை. சரக்கு ஏற்றிய கழுதைகளோடு போகும் ஓர் ஏழையை வழியில் ஒரு செல்வாக்குள்ளவன் மடக்கி எல்லாவற்றையும் பிடுங்கிக்கொள்கிறான். அந்த ஏழை உயர் அதிகாரியிடம் போய் முறையிடுகிறான். அவன் பேச்சு அவ்வளவு அழகாக இருப்பதைக் கேட்ட அரசர், அவனை இன்னும் பேச வைக்க வேண்டும், தீர்ப்பைத் தள்ளிப்போடுங்கள் என்று சொல்லிவிடுகிறார். ஒன்பது முறை முறையிடுகிறான். கடைசியில் நீதி கிடைக்கிறது. பிள்ளைகள் கோபப்படும் இடம் எது தெரியுமா? திருட்டு இல்லை, தாமதம்தான். ஒன்பது முறை ஏன் அலைய விட்டார்கள் என்று கொதிப்பார்கள்.

இன்னொன்று உண்மைச் சம்பவம். ஒன்பதாம் ராம்சேஸ் ஆட்சியின் 16-ஆம் ஆண்டில், கி.மு. 1110 வாக்கில், கல்லறைக் கொள்ளையர்களைப் பிடித்து விசாரித்த பாப்பிரஸ் பதிவுகள் இருக்கின்றன. அவர்களில் ஒருவன் அமென்பனூஃபர் என்ற கல்தச்சன். முன்பே ஒருமுறை பிடிபட்டதாகவும், தன் பங்குக்கு வந்த 20 டெபன் (எகிப்திய எடை அளவு) தங்கத்தைத் துறைமுக எழுத்தரிடம் கொடுத்ததும் விட்டுவிட்டார்கள் என்றும், போய்க் கூட்டாளிகளோடு சேர்ந்துகொண்டதாகவும் வாக்குமூலம் கொடுத்திருக்கிறான். மா’அத்தின் இறகும் எழுத்தரின் 20 டெபனும் ஒரே நாட்டில்தான் இருந்தன. இரண்டையும் ஒரே பீரியடில் காட்டுங்கள்.

அந்த வாக்குமூலங்கள் தடியால் அடித்து வாங்கியவை என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். அப்படி வாங்கியதை நம்பலாமா என்று பிள்ளைகளே கேட்பார்கள். சீனாவில் 1975-இல் ஷுய்ஹூதி என்ற இடத்தில் ஒரு கல்லறைக்குள்ளிருந்து மூங்கில் பட்டைகளில் எழுதிய சின் அரசின் சட்டங்கள் கிடைத்தன. கி.மு. 217 வாக்கில் இறந்த ஒரு கீழ்நிலை அதிகாரியோடு புதைத்தவை. விசாரணை செய்பவருக்கான குறிப்பும் அதில் உண்டு. அடிக்காமல் உண்மையை வெளிக்கொண்டு வருவதே சிறந்தது, அடித்து வாங்குவது அதற்குக் கீழ்ப்பட்டது என்கிறது. கடுமைக்குப் பேர்போன அரசு அது. அங்கே இருந்து இந்த வரி.


களிமண்பலகை எழுதியது:

மூன்றாவதுபெஞ்ச், அருமை. நாணல்கரை டீச்சருக்கு ஒரே ஒரு வழக்கு மட்டும் நடத்த நேரம் இருக்கும் என்றால் எதைக் கொடுப்பேன் என்று நேற்றிலிருந்து யோசித்தேன். சந்தேகமே இல்லை, சுமேரிய நகரமான நிப்பூரின் கொலை வழக்குதான்.

கி.மு. 1900 வாக்கில், ஊர்-நினுர்த்தா என்ற அரசர் இசின் நகரத்திலிருந்து ஆண்டபோது நடந்ததாகப் பதிவாகியிருக்கிறது. மூன்று பேர் சேர்ந்து லூ-இனன்னா என்ற கோயில் அலுவலரைக் கொன்றுவிடுகிறார்கள். அந்த மூவரில் ஒருவன் அடிமை. கொன்ற பிறகு அவர்களே போய் இறந்தவரின் மனைவி நின்-தாதாவிடம் “உன் கணவன் கொல்லப்பட்டான்” என்று சொல்கிறார்கள். அவள் வாயைத் திறக்கவில்லை. துணியால் மூடிவிட்டாள் என்கிறது பலகை. விஷயம் அரசரிடம் போகிறது. அவர் தீர்ப்புச் சொல்லாமல், நிப்பூர் நகரச் சபை விசாரிக்கட்டும் என்று அனுப்பிவிடுகிறார்.

சபையில் யார் யார் பேசினார்கள் என்று பாருங்கள்: பறவை பிடிப்பவர், குயவர், தோட்டக்காரர்... ஒன்பது பேர் எழுந்து, மனிதனைக் கொன்றவர்கள் உயிரோடு இருக்கத் தகாதவர்கள், அந்த மூன்று ஆண்களையும் அந்தப் பெண்ணையும் கொல்ல வேண்டும் என்கிறார்கள். அப்புறம் இரண்டு பேர் எழுகிறார்கள். நின்-தாதா கணவனைக் கொன்றாளா? அந்தப் பெண் என்ன செய்திருக்க முடியும், அவளைக் கொல்வதற்கு?

இந்த இடத்தில் நிறுத்திவிட்டுப் பிள்ளைகளைத் தீர்ப்பு எழுதச் சொல்லுங்கள். பயத்தில் பேசாமல் இருந்தாளா, உடந்தையாக இருந்தாளா? பேசாமல் இருப்பது குற்றமா? எவ்வளவு பெரிய குற்றம்?

விடையைத் திறக்கும்போது இன்னொரு கதை வரும். பலகை உடைந்திருந்த நிலையில் சுமேரிய மொழி அறிஞர் சாமுவேல் நோவா கிரேமர் முதலில் வாசித்தபோது, சபை அவளை விடுதலை செய்தது என்று வாசித்தார். மூவருக்கு மட்டும் தண்டனை. பிறகு மேலும் நல்ல பிரதிகள் கிடைத்து, இன்னொரு அறிஞர் தோர்கில்ட் ஜேக்கப்சன் 1959-இல் வெளியிட்ட வாசிப்பில் முடிவு தலைகீழானது. சபை அவளையும் குற்றவாளி என்றது. கொன்றவர்களுடையதைக் காட்டிலும் அவள் குற்றம் பெரிது என்றது. நான்காயிரம் ஆண்டுக்கு முந்தைய ஒரு பெண்ணின் தலைவிதி, உடைந்த களிமண்ணின் சில வரிகளில் மாறிவிட்டது. ஆதாரம் என்றால் என்ன என்று பிள்ளைகளுக்கு இதைவிடத் தெளிவாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

இன்னொன்று சொன்னால் உங்கள் வகுப்பு துள்ளும். இந்த வழக்கைச் சுமேரிய எழுத்துப் பள்ளிகளில் மாணவர்கள் பயிற்சிக்காகப் பிரதி எடுத்தார்கள். அதனால்தான் ஒன்றுக்கு மேற்பட்ட பலகைகள் நமக்குக் கிடைத்தன. உங்கள் பிள்ளைகள் உட்கார்ந்து யோசிக்கப்போகும் அதே வழக்கை, ஏறக்குறைய அதே வயதுப் பிள்ளைகள் ஈரக் களிமண்ணில் நாணல் குச்சியால் எழுதியிருக்கிறார்கள்.


வெண்கலமணி எழுதியது:

இழையைத் தொடக்கத்திலிருந்து படித்தேன். எல்லோரும் எழுதப்பட்ட சட்டத்தையே நல்லது என்று எடுத்துக்கொண்டு பேசுகிறோம். சட்டத்தை எழுதி வைப்பது நல்லதுதானா என்பதையே பிள்ளைகளிடம் ஒரு கேள்வியாக வைக்கலாமே?

கி.மு. 536-இல் சீனாவின் ஜெங் நாட்டு அமைச்சர் ஜீசான், தண்டனைச் சட்டங்களை வெண்கலப் பாத்திரத்தில் வார்த்து எல்லோருக்கும் தெரியும்படி வைத்தார். பக்கத்து ஜின் நாட்டிலிருந்து அவருடைய நண்பர் ஷூசியாங் கண்டித்துக் கடிதம் எழுதினார். சட்டம் என்ன என்று தெரிந்துவிட்டால் மக்கள் பெரியவர்களுக்கு அஞ்ச மாட்டார்கள், எழுத்தைப் பிடித்துக்கொண்டு வழக்காடுவார்கள், ஊசிமுனை அளவு விஷயத்துக்கும் சண்டை போடுவார்கள் என்று. ஜீசான் மறுத்து வாதாடவில்லை. வருங்காலத் தலைமுறைகளைப் பற்றி யோசிக்கும் அளவுக்குத் தனக்குத் திறமை இல்லை, இன்றைய உலகத்தைக் காப்பாற்றவே இதைச் செய்தேன் என்று பதில் எழுதினார். 23 ஆண்டு கழித்து ஜின் நாடும் அதே மாதிரி பாத்திரத்தில் சட்டத்தை வார்த்தது.

வகுப்பில் பாதிப் பேரை ஜீசான் பக்கமும் பாதிப் பேரை ஷூசியாங் பக்கமும் உட்கார வைத்தேன். ஷூசியாங் பக்கம் தோற்றுவிடும் என்று நினைத்தேன். ஒரு பையன் எழுந்து, “எங்க தாத்தா சண்டையைத் தீர்த்து வைக்கும்போது யார் பாவம், யாரால முடியும்னு பார்த்துச் சொல்வாரு, எழுதி வெச்சா அப்படிப் பார்க்க முடியாதே” என்றான். வகுப்பே அமைதியாகிவிட்டது.


வழக்காடி எழுதியது:

அந்தப் பையனுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். ஆனால் நான் ஜீசான் பக்கம்தான், இதில் எனக்குத் தயக்கமே இல்லை. தாத்தா நல்லவராக இருக்கும் வரை சரி. ரோமில் சட்டம் தெரிந்தவர்கள் உயர்குடிக்காரர்கள் மட்டுமே என்று இருந்த காலத்தில், சாதாரண மக்கள் போராடித்தான் கி.மு. 451-450-இல் சட்டங்கள் எழுதிய பன்னிரண்டு பலகைகளை வாங்கினார்கள். அதில் இருந்த கடன் சட்டம் இரக்கமற்றது. கடனை ஒப்புக்கொண்டவனுக்கு 30 நாள் அவகாசம், அதற்குப் பிறகு கடன் கொடுத்தவன் அவனைப் பிடித்துக் கட்டலாம். ஆனாலும் 30 நாள் என்பது எழுத்தில் இருந்தது. 20-ஆம் நாள் யாரும் வந்து இழுத்துக்கொண்டு போக முடியாது. எழுத்து ஏழைக்குக் கொடுப்பது சில நேரம் அந்தப் பத்து நாளைத்தான். என் தொழிலில் அந்தப் பத்து நாளின் அருமை எனக்குத் தெரியும்.

அந்தப் பலகைகளைத் தங்கள் சிறுவயதில் மனப்பாடம் செய்ததாக ரோமானிய வழக்கறிஞர் சிசரோ எழுதியிருக்கிறார். நம் பிள்ளைகள் மனப்பாடம் செய்ய வேண்டாம், வாதாடினால் போதும்.


களிமண்பலகை எழுதியது:

வழக்காடி சார், ஒரு திருத்தம் இல்லை, ஒரு சேர்க்கை. எழுதி வைத்ததால் மட்டும் அது நடைமுறை ஆகிவிடுவதில்லை. பாபிலோனிலிருந்து ஆயிரக்கணக்கில் ஒப்பந்தங்களும் வழக்குப் பதிவுகளும் கிடைத்திருக்கின்றன. அவற்றில் நீதிபதிகள் ஹமுராபியின் விதியை மேற்கோள் காட்டித் தீர்ப்புச் சொல்வதைப் பார்க்க முடிவதில்லை. அந்த விதிகளைச் செதுக்கிய கல்தூண் நீதிமன்றத்தில் புரட்டும் சட்டப்புத்தகமா, நான் நீதியான அரசன் என்று தெய்வத்துக்கும் மக்களுக்கும் காட்டும் அறிக்கையா என்று அறிஞர்கள் இன்றும் விவாதிக்கிறார்கள். ஏறக்குறைய 2.25 மீட்டர் உயரம், உச்சியில் சூரியக் கடவுள் ஷமாஷ் முன்னால் ஹமுராபி நிற்கிறார். முடிவுரையில், அநீதிக்கு ஆளானவன் என் உருவத்தின் முன் வந்து இந்தக் கல்வெட்டைப் படிக்கக் கேட்கட்டும், தன் வழக்கைத் தெரிந்துகொள்ளட்டும், அவன் மனம் ஆறட்டும் என்கிறார். ‘படிக்கக் கேட்கட்டும்’ என்ற இடத்தைக் கவனியுங்கள். அவனுக்குப் படிக்கத் தெரியாது. யாரோ படித்துச் சொல்ல வேண்டும்.

கடைசியில் அந்தத் தூணே கொள்ளை போனது. கி.மு. 12-ஆம் நூற்றாண்டில் இன்றைய ஈரான் பகுதியில் இருந்த ஏலாம் நாட்டின் அரசன் ஷுத்ருக்-நகுண்டே அதைச் சூசா நகரத்துக்கு எடுத்துப் போனான்; அடியில் சில பத்திகளைச் செதுக்கி அழித்துவிட்டார்கள். 1901-02-இல் பிரெஞ்சு அகழாய்வுக் குழு அங்கேதான் கண்டெடுத்தது. நாம் சொல்லும் 282 என்ற எண்ணிக்கையும் அதை முதலில் மொழிபெயர்த்த பிரெஞ்சு அறிஞர் ஷேல் போட்டது, ஹமுராபி எண் போடவில்லை.


நாணல்கரை எழுதியது:

இரண்டு பீரியட் முடிந்துவிட்டது. நடந்ததை எழுதிவிடுகிறேன்.

முதல் நாள் கரை உடைந்த வழக்கு. மூன்று மூன்று பேராக உட்கார்ந்தார்கள். பெரும்பாலான குழுக்கள் ‘நஷ்டஈடு’ என்று எழுதின. ஒரு குழு மட்டும் ‘எல்லோரும் சேர்ந்து கரையைக் கட்ட வேண்டும், அவன் இரண்டு பங்கு வேலை செய்ய வேண்டும்’ என்று எழுதியிருந்தது. 54-ஐப் படித்ததும் வழக்காடி சார் சொன்ன மாதிரியே நடந்தது. அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை.

அப்புறம் 196, 198, 199 மூன்றையும் போர்டில் எழுதினேன். கூலிக் கணக்கைப் போட்டார்கள். எஷ்னுன்னாவின் கூலிதான் என்றாலும் மதிப்பு பிடிபட்டது. அந்த மாணவியைப் பார்த்து, நீ கேட்ட கேள்விக்கு விடை இங்கே இருக்கிறது, நீயே சொல் என்றேன். கொஞ்ச நேரம் போர்டையே பார்த்தாள். “மேல இருந்தவருக்குக் கோபம் தீரணும், கீழ இருந்தவருக்குச் சாப்பாடு வேணும்னு நினைச்சு எழுதியிருக்காங்க. அடிமைக்கு எழுதினது அடிமைக்கே போகலையே டீச்சர், அவரோட முதலாளிக்குத்தானே போகும்?” என்றாள். நான் அதைக் கவனித்திருக்கவில்லை. பாதி விலை யாருக்குப் போகும் என்று நான் யோசித்ததே இல்லை.

இரண்டாம் நாள் நிப்பூர் வழக்கு. இரண்டே வாக்கு வித்தியாசத்தில் நின்-தாதா விடுதலை. கிரேமரின் வாசிப்பைச் சொன்னதும் கைதட்டினார்கள். ஜேக்கப்சனின் வாசிப்பைச் சொன்னதும் ஒரே கூச்சல். தண்டனை என்று எழுதியவர்களே, கொன்றவர்களைவிட இவள் குற்றம் பெரிது என்பது அநியாயம் என்று கத்தினார்கள். பலகையில் அவள் பேசியதாக ஒரு வரியாவது இருக்கிறதா என்று ஒருவன் கேட்டான். இல்லை என்றேன். அவளைக் கேட்காமலேயா முடிவு செய்தார்கள் என்றான்.

கடைசி பீரியட் வியாழக்கிழமை. வீடு கட்டியவனின் வழக்கை எடுக்க ஆசை. 229: வீடு இடிந்து சொந்தக்காரர் செத்தால், கட்டியவனுக்கு மரணம். 230: சொந்தக்காரரின் மகன் செத்தால், கட்டியவனின் மகனுக்கு மரணம். இதை ஏழாம் வகுப்பில் வைக்கலாமா என்று தயக்கமாக இருக்கிறது.


ஆறாம்வகுப்பு எழுதியது:

வையுங்கள். ஆனால் அதிலிருந்து தொடங்காதீர்கள். 233-இலிருந்து பின்னோக்கி வாருங்கள். சுவர் சாய்ந்தால் கட்டியவன் தன் செலவில் சரிசெய்ய வேண்டும், அது 233. இடிந்ததில் பொருள் போனால் ஈடு கட்டி வீட்டையும் திரும்பக் கட்ட வேண்டும், அது 232. இரண்டையும் பிள்ளைகள் சரி என்பார்கள். அப்புறம் 229. வாதம் சூடாகும். 230 கடைசியில். கட்டியவனின் மகன் என்ன செய்தான் என்று அவர்கள் கேட்கும் வரை நீங்கள் வாயைத் திறக்காதீர்கள். கேட்ட பிறகு, பிள்ளைகளின் குற்றத்துக்காகத் தந்தையையோ தந்தையின் குற்றத்துக்காகப் பிள்ளைகளையோ கொல்லக் கூடாது என்று எபிரேயர்களின் வேதநூலான உபாகமத்தில், 24-ஆம் அதிகாரத்தில், தனியாக ஒரு விதி இருப்பதைச் சொல்லுங்கள். இதே கேள்வி அந்தக் காலத்திலேயே எழுந்திருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியட்டும்.


நாணல்கரை எழுதியது:

சரி, அப்படியே செய்கிறேன். சீட்டுகள் அச்சடித்தாகிவிட்டது. 230-ஐ மட்டும் தனிக் கவரில் போட்டு ஒட்டி வைத்திருக்கிறேன். அதை அந்த மாணவியின் கையில் கொடுத்துப் பிரிக்கச் சொல்லப் போகிறேன்.